பிக்ஸாரை உருவாக்கியது யார்? ஜாப்ஸுக்கு முந்தைய கதையையும் சேர்த்துப் பேசுவோம்

#1 மாறன்_கோவை

பிக்ஸார் என்ற கணினி அனிமேஷன் ஸ்டுடியோ பற்றி நம் ஆட்கள் எழுதும்போது பெரும்பாலும் 1986-இல்தான் தொடங்குகிறார்கள். ஆப்பிளை விட்டு வெளியேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு சின்னக் கம்பெனியை வாங்கினார், ஒன்பது வருடம் கழித்து 'டாய் ஸ்டோரி' வந்தது, அவ்வளவுதான். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஜாப்ஸ் பணம் போட்டபோது அந்தக் குழுவின் நடுநாயகமாக இருந்தவர்கள் பத்து வருடத்துக்கும் மேலாக ஒன்றாக வேலை பார்த்திருந்தார்கள். ஜாப்ஸ் அவர்களுக்கு மூன்றாவது புரவலர். என் கட்சி இதுதான்: பிக்ஸாரை உருவாக்கியது எந்தத் தனி முதலாளியும் இல்லை. முதலாளி மாறிக்கொண்டே இருந்தும் கலையாமல் நின்ற ஒரு குழு.

தொடக்கம் யூட்டா பல்கலைக்கழகம். டேவிட் எவன்ஸும் ஐவன் சதர்லண்டும் அங்கே கணினி வரைகலை சொல்லிக்கொடுத்தார்கள். பணம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையான ஆர்ப்பாவிடமிருந்து வந்தது. மாணவர்களில் ஒருவர் எட் கேட்முல். சின்ன வயதில் டிஸ்னி அனிமேட்டர் ஆக ஆசைப்பட்டவர், அந்த அளவுக்கு வரைய வராது என்று இயற்பியல் பக்கம் போனவர். 1972-இல் தன் இடது கையை பிளாஸ்டரில் அச்செடுத்து, அதன்மேல் சுமார் 350 முக்கோணங்களும் பலகோணங்களும் வரைந்து, ஒவ்வொரு முனையையும் அளந்து கணினிக்குள் ஏற்றி, அந்தக் கையை விரல் மடக்க வைத்தார். கூட இருந்தவர் ஃபிரெட் பார்க். 1976-இல் 'ஃபியூச்சர்வேர்ல்டு' படத்தில் அந்தக் கை திரைக்கும் வந்தது. 1974-இல் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இசட்-பஃபர் (எந்தப் பொருள் முன்னால், எது பின்னால் என்று கணக்கு வைப்பது) இருக்கிறது, டெக்ஸ்சர் மேப்பிங் (பொருளின் மேற்பரப்பில் படத்தை ஒட்டுவது) இருக்கிறது. இன்று நம் போனில் ஓடும் எந்த முப்பரிமாண விளையாட்டும் இவை இல்லாமல் ஓடாது.

அதே வருடம் நியூயார்க் லாங் ஐலண்டில் அலெக்சாண்டர் ஷ்யூர் என்ற பணக்காரர், தான் நிறுவிய நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு வரைகலைக் கூடம் திறந்து கேட்முல்லை அழைத்தார். ஆல்வி ரே ஸ்மித், டேவிட் டிஃபிரான்செஸ்கோ எல்லாரும் அங்கே வந்து சேர்ந்தவர்கள்தான். ஷ்யூர் கை நீட்டிச் செலவு செய்தார். குழுவிடம் திரையில் காட்டும் படத்தைத் தாங்கும் நினைவகமான 8 பிட் ஃபிரேம் பஃபர் ஒன்றே ஒன்று இருந்தது. மூன்று சேர்ந்தால் முழு வர்ணம் கிடைக்கும், இன்னும் இரண்டு வேண்டும் என்று கேட்டார்கள். அவர் ஐந்து வாங்கித் தந்தார். படத்தோடு சேர்த்து அதன் ஊடுருவும் தன்மையையும் சேமிக்கும் ஆல்ஃபா சேனல் அந்தக் கூடத்தில்தான் பிறந்தது.

ஆனால் ஷ்யூரே இயக்கிய 'டப்பி தி டூபா' என்ற கையால் வரைந்த படம் 1975-இல் வெளிவந்து எடுபடாமல் போனது. பணமும் இயந்திரமும் எவ்வளவு இருந்தாலும் கதை சொல்லத் தெரிந்தவர் இல்லாவிட்டால் படம் நிற்காது என்பதைக் கேட்முல்லும் ஸ்மித்தும் அங்கே கண்ணால் பார்த்தார்கள். 1984-இல் டிஸ்னியில் இருந்த அனிமேட்டர் ஜான் லாசெட்டரைச் சேர்த்துக்கொண்டதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

குழு அடுத்து 'ஸ்டார் வார்ஸ்' இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் லூகாஸ்ஃபிலிம் கம்பெனியில் இருந்த காலத்தை அடுத்த பதிவில் எழுதுகிறேன். அதற்குள் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

#2 பங்குச்சந்தை_பாலு

மாறன் சார், ஆராய்ச்சி வரலாறு அருமை. ஆனால் ஒரு கேள்வி. திறமையான குழுக்கள் அந்தக் காலத்தில் வேறும் இருந்தன. யூட்டாவில் படித்தவர்கள் பல இடங்களுக்குப் போனார்கள். மற்ற குழுக்களுக்கு இல்லாத எது பிக்ஸாருக்கு மட்டும் இருந்தது? நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு வருடக்கணக்கில் காசோலை எழுதிய ஒருவர் இருந்தார்.

1986 பிப்ரவரியில் இந்தக் குழுவை வாங்க ஜாப்ஸ் லூகாஸுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்தார், புதுக் கம்பெனிக்கு முதலாக இன்னொரு 50 லட்சம் போட்டார். சுமார் 40 பேர். விற்ற சரக்கு, பிக்ஸார் இமேஜ் கம்ப்யூட்டர். விலை 1,35,000 டாலர், அதை இயக்க ஒரு ஒர்க்ஸ்டேஷன் தனியாக வாங்க வேண்டும். மருத்துவமனைகளுக்கும் செயற்கைக்கோள் படம் அலசுபவர்களுக்கும் விற்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். மொத்தமாக விற்றது 300-க்கும் குறைவு. 1990-இல் அந்தப் பிரிவை விகாம் என்ற கம்பெனிக்கு வெறும் 20 லட்சம் டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதுவரையிலும் அதற்குப் பிறகும் ஜாப்ஸ் தன் சொந்தப் பணத்திலிருந்து போட்டது மொத்தம் ஏறத்தாழ 5 கோடி டாலர். ஆப்பிள் பங்குகளை விற்றுவந்த பணத்தில் பெரிய துண்டு அது. எந்த வங்கி இதைச் செய்திருக்கும்?

#3 ரெண்டர்_ராஜி

நான் சென்னையில் கணினிப் படங்களுக்கு ஒளியமைக்கும் லைட்டிங் துறையில் வேலை பார்க்கிறேன். பாலு சார் சொல்வது கணக்கு. எனக்குத் தெரிந்த பக்கத்தை நான் சொல்கிறேன்.

லூகாஸ்ஃபிலிமில் இருந்த காலத்தில்தான் பிக்ஸாரின் ரெண்டர்மேன் மென்பொருளுக்கு (காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்குவது, அதாவது ரெண்டர் செய்வது, அதன் வேலை) அடிப்படையான ரெயஸ் முறை உருவானது. ராப் குக், லோரன் கார்பென்டர், கேட்முல் மூவரும் முக்கியமானவர்கள். பொருளின் மேற்பரப்பைப் பிக்சலை விடவும் சின்னச் சின்ன நாற்கரங்களாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் நிறமும் ஒளியும் கணக்கிட்டு, பிறகு திரையில் மாதிரி எடுப்பார்கள். மாதிரி எடுக்கும் புள்ளிகளை ஒழுங்கான வரிசையில் வைக்காமல் தாறுமாறாகச் சிதறவிட்டதுதான் சாமர்த்தியம். இடத்தில் மட்டுமில்லாமல் நேரத்திலும் சிதறவிட்டால் மோஷன் பிளர் தானாகவே வந்துவிடும். கேமராவில் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஓடும் பொருள் இழுபடும் இல்லையா, அந்த இழுபடல். அது இல்லாவிட்டால் கணினிப் படத்தை நிஜமாக எடுத்த படத்தோடு ஒட்ட முடியாது, பார்த்தவுடனே வெட்டி வெட்டித் தெரியும். இப்படிச் சிதறவிடும் முறை 1984-இல் ஆய்வுத்தாளாக வெளிவந்தது.

கார்பென்டர் வந்து சேர்ந்த விதமும் சொல்லத்தக்கது. போயிங்கில் வேலை பார்த்தவர். 1980-இல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் ஃப்ராக்டல் மலைகளின் (ஒரே வடிவத்தைச் சின்னதாக்கித் திரும்பத் திரும்பச் சேர்த்து உருவாக்கியவை) மேல் பறந்து போகும் இரண்டு நிமிடப் படம் ஒன்றைப் போட்டார். லூகாஸ்ஃபிலிம்காரர்கள் அங்கேயே அவருக்கு வேலை கொடுத்தார்கள்.

இவை எல்லாம் ஜாப்ஸ் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டன. அதனால் நான் மாறன் அண்ணா பக்கம்.

#4 மாறன்_கோவை

ராஜி, நான் எழுத நினைத்ததில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி. மீதி இது.

1979-இல் ஜார்ஜ் லூகாஸ் கேட்முல்லைக் கலிஃபோர்னியாவுக்கு அழைத்தார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். ஷ்யூர் மனம் புண்படக்கூடாது என்று சிலர் நேராகப் போகாமல் நடுவில் வேறு வேலைகளில் இருந்துவிட்டுப் போனார்கள். ஸ்மித் நாசாவின் ஜெட் உந்துவிசைக் கூடத்தில் கொஞ்சகாலம் இருந்தார். லூகாஸ் கேட்டது அனிமேஷன் படம் இல்லை. ஃபிலிம் எடிட்டிங், ஒலிக்கலவை, ஆப்டிகல் பிரிண்டிங் (தனித்தனியாக எடுத்த காட்சிகளை ஒரே ஃபிலிமில் சேர்ப்பது) மூன்றையும் டிஜிட்டலாக்கித் தரச் சொன்னார். முழுநீள அனிமேஷன் படம் என்பது இவர்கள் மனதில் மட்டும் இருந்தது.

1982 'ஸ்டார் ட்ரெக்' இரண்டாம் படத்தில் ஒரு இறந்த கிரகம் உயிர்பெறும் காட்சி, சுமார் ஒரு நிமிடம். தீப்பிழம்புக்கு பில் ரீவ்ஸின் துகள் முறை, மலைக்குக் கார்பென்டரின் ஃப்ராக்டல். ஸ்மித் அதில் கேமரா நகர்வைத் திட்டமிட்டதே லூகாஸ் கண்ணில் படுவதற்காக. எந்த ஒளிப்பதிவாளரும் நிஜக் கேமராவால் எடுக்கவே முடியாத ஒரே நீண்ட ஓட்டம் அது. லூகாஸ் பார்த்தார், பாராட்டினார்.

பிறகு அவருக்கு மணமுறிவு, ஸ்டார் வார்ஸ் வருமானம் குறைவு, பணத்தேவை. இந்தப் பிரிவை விற்க முடிவு செய்தார். ஃபிலிப்ஸும் ஜெனரல் மோட்டார்ஸின் கணினிக் கிளையும் சேர்ந்து வாங்குவதாக இருந்தது, 1985 இறுதியில் கையெழுத்தாகும் நேரத்தில் கலைந்தது. அதற்குப் பிறகுதான் ஜாப்ஸ். பாலு சார், அவர் பொறுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் வாங்கியது ஒரு கணினிக் கம்பெனியை. படம் எடுக்கும் கம்பெனியாக அவர் அதைப் பார்க்கவே பல வருடம் ஆனது.

இன்னொன்று. 1980-களின் நடுவிலேயே ஜப்பானின் ஷோகாகுகான் பதிப்பகத்தோடு ஒரு குரங்கு வீரன் கதையை முழுநீளப் படமாக எடுக்கப் பேச்சு நடந்தது. ஸ்மித் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அன்றைய கணினி விலைக்குக் கட்டுப்படியாகாது, இன்னும் சில வருடம் சில்லு விலை இறங்க வேண்டும் என்று வந்தது. ஆசைப்பட்ட படம் கைக்கு எட்டியபோது கணக்கை நம்பி வேண்டாம் என்றார்களே, அந்த நிதானத்தைத்தான் நான் மதிக்கிறேன்.

#5 தென்றல்

இழை முழுக்கப் பொறியாளர்கள்தான் பேசுகிறீர்கள், லாசெட்டரை யாரும் பேசவில்லை :) நான் 2டி அனிமேஷன் கற்றவள், அதனால் கேட்கிறேன். இந்தக் குழுவில் அவர் இல்லாமல் இருந்திருந்தால் மிஞ்சியிருப்பது ஒரு மென்பொருள் கம்பெனிதானே?

டிஸ்னியில் இருந்தபோது கணினியில் பின்னணி போட்டு ஒரு படம் எடுக்கலாம் என்று யோசனை சொல்லி, வேலை இழந்தார். லூகாஸ்ஃபிலிமில் அனிமேட்டர் என்று ஆள் எடுக்க அனுமதி கிடைக்காது என்பதால் 'இன்டர்ஃபேஸ் டிசைனர்' என்ற பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். 1984-இல் மினியாபொலிஸ் சிக்ராஃபில் காட்டிய 'ஆண்ட்ரே அண்ட் வாலி பி' முழுதாக ரெண்டர் ஆகியிருக்கவில்லை, சில பகுதிகள் வெறும் கம்பிக்கோடாகவே ஓடின. கூடியிருந்தவர்களில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை. அந்த அளவுக்குப் படத்தில் வரும் தேனீக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

1986-இல் டல்லஸில் 'லக்ஸோ ஜூனியர்'. ஒரு பெரிய மேஜைவிளக்கு, ஒரு குட்டி மேஜைவிளக்கு, ஒரு பந்து. கேமரா அசையவே இல்லை. படம் முடிந்ததும் வரைகலை உலகில் பெரிய பெயரான ஜிம் பிளின் லாசெட்டரிடம் வந்தார். நிழல் விழும் கணக்கைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று லாசெட்டர் நினைத்தார். பிளின் கேட்டது: அந்தப் பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா?

கண் இல்லை, வாய் இல்லை, கை இல்லை. தலை திரும்பும் நேரமும் குதிக்கும் முன் தாழும் உடம்பும் மட்டும்தான். அடுத்த வருடம் டிஸ்னியின் பழைய அனிமேஷன் விதிகளைக் கணினிக்கு எப்படிக் கொண்டுவருவது என்று அவர் எழுதிய தாளை நான் இன்றும் மாணவர்களுக்குக் கொடுக்கிறேன். பிக்ஸார் அந்த நிமிடத்தில் பிறந்தது என்பேன் நான், 1974-இலும் இல்லை, 1986 பிப்ரவரியிலும் இல்லை.

#6 இளவரசு_மாணவன்

அண்ணா, அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். டாய் ஸ்டோரிக்கு ஏன் பொம்மைகளைத் தேர்ந்தெடுத்தாங்க? மனிதர்களை வெச்சு எடுத்திருக்கலாமே? அப்புறம் ரெண்டர் ஆக எவ்வளவு நேரம் ஆச்சு?

#7 ரெண்டர்_ராஜி

தம்பி, 1988-இல் வந்த 'டின் டாய்' குறும்படத்தைப் பாருங்கள். அதில் வரும் குழந்தையின் முகத்தையும் தகரப் பொம்மையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பதில் அங்கேயே இருக்கும். பொம்மை அப்படியே நிஜம். குழந்தையின் தோல் ரப்பர்போல இருக்கும். அன்றைக்கு இருந்த ஷேடர்களுக்கு (மேற்பரப்பின் நிறத்தையும் பளபளப்பையும் கணக்கிடும் நிரல்கள்) பிளாஸ்டிக்கும் தகரமும் மரமும் எளிது. தோல், முடி, துணி, தண்ணீர் எல்லாம் கடினம். அந்தக் குறும்படம் ஆஸ்கர் வாங்கியது, கணினியில் செய்த படத்துக்கு அதுதான் முதல்முறை. அதே கருவை நீட்டித்தான் டாய் ஸ்டோரிப் பேச்சே தொடங்கியது.

எண்கள்: 1,14,240 ஃபிரேம்கள். 117 சன் கணினிகள் கொண்ட ரெண்டர் ஃபார்ம். மொத்தம் சுமார் 8,00,000 இயந்திர மணிநேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு ஃபிரேமுக்குச் சராசரியாக ஏழு மணிநேரம். 117 கணினியும் இரவு பகலாக ஓடினால்கூட ஒன்பது மாதத்துக்கு மேல் வரும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் முன்பு முடியாத ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். 1997 'ஜெரீஸ் கேம்' குறும்படத்தில் கிழவரின் தோலும் சட்டையும், 2001 'மான்ஸ்டர்ஸ் இன்க்'கில் சல்லி என்ற பூதத்தின் உடம்பில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட முடிகள், 2003 'ஃபைண்டிங் நீமோ'வில் கடல்.

#8 பங்குச்சந்தை_பாலு

தென்றல் அம்மா, லாசெட்டர் பங்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'டின் டாய்' எடுக்கப் பணம் ஒதுக்கியது எப்போது தெரியுமா? 1988-இல் செலவைக் குறைக்க உட்கார்ந்த நேரத்தில். அந்தச் சமயத்தில் ஸ்டோரிபோர்டைப் பார்த்துவிட்டு ஜாப்ஸ் தன் பணத்தைக் கொடுத்தார். கம்பெனிக்கு அதனால் ஒரு டாலர் வருமானம் கிடையாது.

பங்கு வெளியீடும் அவர் யோசனைதான். படம் 1995 நவம்பர் 22-இல் வெளியானது, ஒரே வாரத்தில், 29-ஆம் தேதி, பங்கு சந்தைக்கு வந்தது. 22 டாலருக்கு விற்றது அன்று மாலை 39-இல் நின்றது. சுமார் 14 கோடி டாலர் திரட்டினார்கள். அந்தப் பணம் கையில் இருந்ததால்தான் 1997-இல் டிஸ்னியிடம் போய், செலவில் பாதி நாங்கள் போடுகிறோம், லாபத்தில் பாதி கொடுங்கள் என்று கேட்க முடிந்தது. 1991-இல் போட்ட மூன்று படம், 2.6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கதாபாத்திரங்கள்கூட டிஸ்னிக்குத்தான் சொந்தம். பேரம் பேசும் பலம் இல்லாத குழு எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும் கூலி ஆளாகத்தான் இருந்திருக்கும்.

#9 சேரன்_டொராண்டோ

ஒற்றுமையான குழு என்று எல்லோரும் பேசுவதால் இதையும் எழுதவேண்டியிருக்கிறது. 1991-இல் ஆட்குறைப்பு நடந்தது, கிட்டத்தட்ட 70 பேர் இருந்த இடத்தில் 40 சொச்சம் மிஞ்சினார்கள். அதே வருடம் கம்பெனியை மறுபடி அமைத்தபோது ஊழியர்கள் வைத்திருந்த பங்கு கைவிட்டுப் போனது. ஸ்மித், அதாவது கேட்முல்லுடன் இதை நிறுவியவர், ஜாப்ஸோடு மோதிய பிறகு அதே 1991-இல் விலகினார். நான்கு வருடம் கழித்துப் பங்கு சந்தைக்கு வந்தபோது கம்பெனியில் ஜாப்ஸின் பங்கு மட்டும் நூறு கோடி டாலருக்கும் மேல். இருபது வருடம் உழைத்த பலருக்கு அதில் கிடைத்தது சொற்பம்.

கேட்முல் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் போட்டிக் கம்பெனி ஆட்களை எடுக்கமாட்டோம் என்று ஸ்டுடியோக்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டது வெளியே வந்தது. 2010-இல் அமெரிக்க நீதித்துறை பிக்ஸார் உட்பட ஆறு கம்பெனிகள் மேல் நடவடிக்கை எடுத்தது. பிறகு அனிமேஷன் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில் டிஸ்னி, பிக்ஸார், லூகாஸ்ஃபிலிம் மூன்றும் சேர்ந்து 10 கோடி டாலருக்கு 2017-இல் சமரசம் செய்துகொண்டன. லாசெட்டரும் ஊழியர்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றிய புகார்களுக்குப் பின் 2018 இறுதியில் வெளியேறினார். இந்த ஸ்டுடியோவின் வரலாற்றை எழுதும்போது இவற்றை அடிக்குறிப்பில் தள்ளக்கூடாது.

#10 மாறன்_கோவை

சேரன், தள்ளக்கூடாதுதான். குழு என்று நான் சொல்வதில் அந்தப் பங்கு இழந்தவர்களும் அடக்கம், அவர்களைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

பாலு சார் பேச்சுக்குப் பதிலாக ஒரு நாளை மட்டும் நினைவூட்டுகிறேன். 1993 நவம்பர் 19. டாய் ஸ்டோரியின் ஸ்டோரி ரீலை (வரைபடங்களை வரிசையாகக் கோத்த மாதிரிப் படம்) டிஸ்னிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். கதை இன்னும் கூர்மையாக, பெரியவர்களுக்கும் பிடிப்பதாக இருக்கவேண்டும் என்று டிஸ்னி சொல்லச் சொல்ல மாற்றி, கடைசியில் கதாநாயகப் பொம்மையான வுட்டி எல்லோரையும் மட்டம் தட்டுகிற, பார்க்கவே பிடிக்காத ஒருவனாகியிருந்தான். டிஸ்னி அன்றே தயாரிப்பை நிறுத்தியது. பணம் இருந்தது, ரெண்டர்மேன் இருந்தது, ஜாப்ஸ் இருந்தார். எதுவும் உதவவில்லை. லாசெட்டர், ஆண்ட்ரூ ஸ்டான்டன், பீட் டாக்டர், ஜோ ரான்ஃப்ட் உட்கார்ந்து வுட்டியைத் திருத்தி எழுதினார்கள், தாங்கள் முதலில் எடுக்க நினைத்த படத்துக்குத் திரும்பினார்கள். 1994 பிப்ரவரியில் வேலை மறுபடி தொடங்கியது.

'டாய் ஸ்டோரி 2'-விலும் அதே கதை. படக் கோப்புகள் ஒரு தவறான கட்டளையில் சர்வரிலிருந்து அழிந்ததும், காப்புப் பிரதியும் சரியில்லாமல் போனதும், கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்ததும் பலருக்குத் தெரியும். அதைவிடப் பெரியது பிறகு நடந்தது. மீட்ட படம் நன்றாக இல்லை என்று பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்பது மாதத்தில் புதிதாக எடுத்தார்கள். அதில் பலருக்குக் கையும் மணிக்கட்டும் கெட்டுப்போயின. இனி இப்படி ஆட்களை வதைக்கக்கூடாது என்று கேட்முல் பிற்பாடு எழுதியிருக்கிறார்.

2006-இல் 740 கோடி டாலர் மதிப்பில் டிஸ்னி வாங்கியது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் கூட்டிச்சொல்ல ஒன்றும் இல்லை. அந்த ஒப்பந்தத்துக்குப் பின் கேட்முல்லும் லாசெட்டரும் டிஸ்னியின் சொந்த அனிமேஷன் ஸ்டுடியோவையும் சேர்த்து நடத்தினார்கள் என்பது மட்டும் என் வாதத்துக்கு வேண்டியது. டிஸ்னி காசு கொடுத்து வாங்கியது அந்த ஆட்களைத்தான்.

#11 தென்றல்

1993 விஷயத்தில் மாறன் அண்ணா சொல்வது சரி. ஆனால் அந்த நாலு பேரும் கதைக்காரர்கள், பொறியாளர்கள் இல்லை. என் பேச்சுக்குத்தான் அது சான்று.

#12 இளவரசு_மாணவன்

எல்லாருக்கும் நன்றி. பிளெண்டர்ங்கிற இலவச முப்பரிமாண மென்பொருள்ல கத்துக்கிட்டு இருக்கேன். இவங்க கண்டுபிடிச்சதை எல்லாம் என்னைப் போல ஆளுங்க தொட்டுப் பார்க்க முடியுமா, இல்ல எல்லாம் அவங்க ஸ்டுடியோவுக்குள்ளேயே பூட்டி வெச்சிருக்காங்களா?

#13 ரெண்டர்_ராஜி

தாராளமாக முடியும் தம்பி. ரெண்டர்மேனை வணிகநோக்கம் இல்லாமல் பயன்படுத்த 2015 முதல் இலவசமாகக் கொடுக்கிறார்கள். காட்சிக் கோப்புகளைப் பரிமாறும் யுஎஸ்டி 2016-இல் திறந்த மூலமாக வந்தது, நாங்கள் இங்கே தினமும் பயன்படுத்துகிறோம். வளைந்த மேற்பரப்புகளை உருவாக்கும் ஓப்பன்சப்டிவ் அதற்கும் முன்பே வந்துவிட்டது. கான் அகாடமியில் பிக்ஸார்காரர்களே நடத்தும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன, கணிதம் எங்கே எப்படிப் பயன்படுகிறது என்று படிப்படியாகக் காட்டுவார்கள், அதிலிருந்து தொடங்குங்கள்.

பிளெண்டரில் ஒரு கனசதுரத்தை எடுத்து சப்டிவிஷன் சர்ஃபேஸ் மாடிஃபையர் போடுங்கள். கேட்முல்-கிளார்க் என்று ஒரு தெரிவு வரும். 1978-இல் ஜிம் கிளார்க்குடன் சேர்ந்து கேட்முல் எழுதிய முறை அது, அப்போது அவர் லாங் ஐலண்டில் ஷ்யூரிடம் இருந்தார். அளவை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றி, முனைகள் எப்படி உருண்டு வருகின்றன என்று வயர்ஃபிரேமில், அதாவது கம்பிக்கோட்டுப் பார்வையில், பாருங்கள். புரியாத இடத்தைப் படம் பிடித்து இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.